இந்தோனீசிய வணிகரும் ‘இன்னும் இல்லை’ என்னும் சொல்லும்

நம் கல்லூரியிற் பயின்ற இளைஞர் சிலர் இந்நாளில் ஜகார்த்தா, சுரபாயா, மேடான் முதலிய நகரங்களுக்குச் சென்று, நூலாலைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் கணக்கு நிலையங்களிலும் அலுவல் பார்த்து வருகின்றனர். அங்ஙனம் புறப்படுவோர்க்கு அந்நாட்டாரின் வணிக மரியாதையைப் பற்றிய சிறு கையேடு ஒன்றை யாரேனும் கொடுத்தனுப்புதல் வழக்கம். அத்தகைய கையேடுகள் பலவற்றை யாமும் படித்திருக்கின்றோம். இடக்கையால் ஒன்றையும் கொடாதே, கொள்ளாதே. பெயர்ச்சீட்டை இரு கையாலும் நீட்டு. சிறு பிள்ளையேயாயினும் தலையைத் தொடாதே. சுட்டுவிரலால் ஒருவரைச் சுட்டாதே, சுட்ட வேண்டின் ஜாவானியரைப் போலப் பெருவிரலைப் பயன்படுத்து. இடுப்பிற் கையூன்றி நில்லாதே, அது சினத்தின் குறி. முன்னே வைத்த தேநீரை, வீட்டார் ‘சிலாக்கன்’ என்று உபசரிக்கும்முன் எடுத்துப் பருகாதே. இவை யாவும் உண்மையே. ஆயினும் தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றுட் பாதியை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. இடக்கையாற் காசு நீட்டினால் நம் ஊர்க் கடைக்காரரே முகஞ்சுளிப்பார்.

எமக்குள்ள குறை யாதெனின், இக்கையேடுகள் கையையும் காலையும் பற்றிப் பேசுமளவு நாவையும் செவியையும் பற்றிப் பேசுவதில்லை என்பதே. அந்நாட்டிற் பொருளிழந்தும் மனங்கசந்தும் திரும்பிய அயலார் உண்டு. அவருள் இடக்கையை நீட்டியதனாற் கெட்டவர் ஒருவரையேனும் யாம் கண்டிலேம். “ஆம் என்று சொன்னார்கள், செய்தார்களில்லை, பொய் சொல்வதில் வல்லவர்கள்” என்று கூறித் திரும்பியவர்களையே கண்டிருக்கின்றோம். ஒரு நாட்டார் முழுவதையும் பொய்யர் என்பது பெரியதொரு குற்றச்சாட்டு. அது நிற்குமா என்பதை ஆராயவே இதனை எழுதப் புகுந்தோம்.

அந்நாட்டு மொழியிற் ‘பெலும்’ என்றொரு சொல் உண்டு. ‘இன்னும் இல்லை’ என்பது அதன் பொருள். “உமக்கு மணமாயிற்றா?” என்று ஐம்பது வயதுடைய ஒருவரைக் கேட்டாலும் அவர் ‘இல்லை’ என்று முடித்துவிடார், ‘பெலும்’ என்பார். “பாலி சென்றதுண்டா?” என்றாலும் அதுவே விடை. நடவாத ஒன்றை நடவாதென்று அடைத்துவிடாமற் கதவைச் சற்றே திறந்து வைப்பது அவர் வழக்கம். வாணிகத்தில் இதற்கு உறவான சொற்கள் பல. ‘நாந்தி’ என்றாற் பிறகு என்பது. அப்பிறகு மாலையாகவும் இருக்கலாம், வாராமலும் போகலாம். ‘டியுசஹாகான்’ என்றால் ‘முயற்சி செய்யப்படும்’ என்பது. செய்வார் இன்னார் என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. ஜாவானிய மொழியில் ‘இங்கீ’ என்றால் ‘ஆம், ஐயா’ என்று பொருள். ஆனால் ‘நீர் சொல்வது என் செவியில் விழுந்தது’ என்பதற்கு மேல் அதிற் பலபோது ஒன்றும் இராது. இங்கீ, இங்கீ என்று சொல்லிக் காரியம் கண்ணிற்படாமற் போவதைக் குறித்து ஜாவானியரே தமக்குள் நகையாடிக் கொள்வர்.

எம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். அவர் சுரபாயாவில் ஓர் ஏற்றுமதி நிலையத்திற் பணிபுரிந்தவர்; எண்களில் வல்லவர், முன்கோபமும் உடையவர். ஒரு திங்கட்கிழமை, கிடங்கின் மேற்பார்வையாளரை நோக்கி, “வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு கப்பலேறுமா?” என்று வினவினார். அப்பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, புன்னகை செய்து, “முயற்சி செய்யப்படும்” என்றார். நண்பர் உடனே தூத்துக்குடிக்கு, வெள்ளியன்று சரக்கு புறப்படும் என்று செய்தி அனுப்பிவிட்டார். வெள்ளி வந்தது, சரக்கோ கிடங்கிலேயே கிடந்தது. பெட்டிகள் போதவில்லை என்பதும், திங்களன்றே அது மேற்பார்வையாளருக்குத் தெரியும் என்பதும் அப்போதுதான் வெளியாயின. நண்பர் பன்னிரண்டு கூலியாட்களின் முன்னிலையில் அவரைப் பெயர் சொல்லி அதட்டினார். அவரோ மீண்டும் புன்னகை செய்தார். அப்புன்னகை நண்பரின் சினத்தைப் பின்னும் மூட்டியது. அது நாணத்தின் புன்னகை என்பதை அறிய அவருக்கு ஓராண்டு ஆயிற்று. அன்று முதல் அக்கிடங்கில் ஒருவரும் அவரிடம் ஒரு செய்தியும் சொன்னதில்லை. எல்லாரும் வணக்கமாக நடந்தனர். கேட்டதற்கெல்லாம் ‘ஆம்’ என்றனர். சரக்கு மட்டும் தன் போக்கிற் போயிற்று.

இதில் யார் பிழை செய்தார்? மேற்பார்வையாளர் பொய் சொன்னார் என்பது நண்பரின் வழக்கு. நம்போன்ற கல்லூரியிற் பயின்றவர்க்கு இக்கேள்வி எளிதன்று. மலைப்பிரசங்கத்திற் பேச்சைக் குறித்துச் சொல்லப்பட்டதை நாம் இளமையிலேயே மனப்பாடம் செய்திருக்கின்றோம். ஆமென்பதற்கும் அன்றென்பதற்கும் இடையில் மூன்றாவதொரு சொல்லைத் தேடுவது நம் மனச்சாட்சிக்கு உறுத்தலாகவே இருக்கும். ஆனால் பொய்யாவது, கேட்பவன் ஏமாற வேண்டும் என்னும் கருத்தோடு சொல்லப்படுவது. அப்பெரியவர் ஏமாற்றக் கருதினாரில்லை. அவர் காலந்தாழ்த்தார், புன்னகைத்தார், செய்வாரைக் குறியாத வினையைச் சொன்னார். அந்நாட்டார் எவர் கேட்டிருப்பினும், ‘ஆகாது’ என்று அந்நொடியே அறிந்து வேறு வழி பார்த்திருப்பர். சொல்லப்பட்டது ‘இல்லை’ என்பதே. அதைக் கேட்கும் செவி நம் நண்பரிடத்தில் இருந்ததில்லை.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என்றும், அவையிற் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல் என்றும் நன்னூல் வகுப்பில் நாம் கற்கவில்லையா? வீட்டை விட்டுப் புறப்படுகையிற் ‘போகிறேன்’ என்று சொன்னால் நம் தாய்மார் பொறுப்பரோ? ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வாராதவன் பொய் சொன்னான் என்று எவரும் கூறுவதில்லை. பெண் பார்க்க வந்தவர் ‘கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம்’ என்றால், அதன் பொருள் தெரியாத தமிழர் உண்டோ? நம்முடைய ‘பார்க்கலாம்’ என்பதும் அவர்களுடைய ‘பெலும்’ என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஆங்கிலேயனோ ஜெர்மானியனோ இதிலே தடுமாறினால் வியப்பில்லை. தமிழன் தடுமாறுவது, மேலதிகாரியாய் அமர்ந்தவுடன் தன் வீட்டு வழக்கத்தை மறந்து விடுவதனாலேயே என்று யாம் ஐயுறுகின்றோம்.

இனி, இம்மரியாதையின் வேர் எதுவெனப் பார்ப்போம். இந்தோனீசியாவிற் பெருந்தொகையினர் ஜாவானியர். அவர் மொழியில், பெரியோரிடம் பேசுஞ்சொல் வேறு, ஒத்தாரிடம் பேசுஞ்சொல் வேறு. உண்பதற்கும் உறங்குவதற்குங்கூடத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முன்னதைக் ‘குரோமோ’ என்றும் பின்னதை ‘ங்கோகோ’ என்றும் வழங்குவர். மென்மையாவது ‘ஹாலுஸ்’, முரடாவது ‘காசார்’. உரத்துப் பேசுவதும், உணர்ச்சியை முகத்திற் காட்டுவதும், பலர் முன்னே ஒருவரை முகமுறியப் பேசுவதும் காசார் எனப்படும். கூடி வாழ்வார்க்கு இடையே நிலவும் இணக்கம் ‘ருக்குன்’. அதனைக் குலைத்தவன் மெய்யே சொன்னானாயினும் அவனுக்கு மதிப்பில்லை.

1928-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் அந்நாட்டு இளைஞர் கூடி எடுத்த உறுதிமொழியில், தொகையிற் பெரிய ஜாவானிய மொழியை விட்டு, துறைமுகங்களில் வழங்கிய மலாய் மொழியையே தேசத்துக்குப் பொதுவாகக் கொண்டனர். உயர்வு தாழ்வுச் சொற்படிகள் அதில் அத்துணை இல்லாமையும் ஒரு நன்மையாயிற்று. ஆயினும் மொழி மாறினவளவில் மனப்பாங்கு மாறிவிடவில்லை. எல்லாரையும் ஒப்ப விளிப்பதற்கென்று 1957-இல் ‘ஆண்டா’ என்னும் முன்னிலைச் சொல்லைச் செய்தித்தாள் வாயிலாகப் பரப்பினர். விளம்பரங்களிலும் அச்சுத்தாள்களிலும் அது நன்றாய் வேரூன்றியது. ஆனால் அலுவலகத்தில் மேலாளர் முகத்தை நோக்கி அச்சொல்லைச் சொல்வார் அரியர். தந்தை எனப் பொருள்படும் ‘பாப்பக்’ என்பதைக் குறுக்கிப் ‘பாக்’ என்றும், தாய் எனப் பொருள்படும் ‘இபூ’ என்பதைக் குறுக்கிப் ‘பூ’ என்றும் பெயரோடு சேர்த்தே விளிப்பர். அலுவலகமும் ஒரு குடும்பமாகவே நினைக்கப்படுகிறது. குடும்பத்தில் தந்தையை எதிர்த்து வாதாடுவார் யார்?

கூட்டங்களும் அத்தகையனவே. ‘முஷாவரா’ எனப்படும் கலந்தாய்வினால் ‘முஃபாக்கத்’ எனப்படும் ஒருமித்த முடிவை அடைவதே அவர் உவக்கும் நெறி. வாக்கெடுத்து ஒரு பக்கத்தாரைத் தோற்பிப்பது இரண்டாந்தரமாகவே கருதப்படும். 1945-இல் சுகர்ணோ வகுத்துரைத்த ஐந்து கொள்கைகளிலும் இக்கலந்தாய்வு இடம் பெற்றிருக்கிறது. அயலான் செய்யும் பிழை யாதெனின், கூட்டத்தில்தான் காரியம் முடிவாகிறது என்று எண்ணிப் புள்ளிக் கணக்குகளோடு வந்து வாதிடப் புகுவதே. காரியமோ முதல்நாள் மாலையில், ஒருவர் ஒருவராய்ப் பார்த்துத் தேநீர் அருந்திப் பேசியபோதே முடிந்திருக்கும். கூட்டம் அதற்கு முத்திரையிடுவது மட்டுமே.

இவ்வளவும் ஜாவாவைப் பற்றியது. ஏறக்குறைய பதினேழாயிரம் தீவுகளும் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருபத்தேழு கோடி மக்களும் உள்ள ஒரு தேசத்தை ஓர் இனத்தாரின் இயல்பு கொண்டு அளத்தல் தகாது. வட சுமத்திராவிலுள்ள பத்தாக்கு மக்கள் உள்ளதை முகத்துக்கு நேரே உரத்துச் சொல்பவர். 1862-இல் ரைனிய மிஷனைச் சார்ந்த நொம்மென்சன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் சுமத்திராவில் வந்திறங்கி, 1918-இல் இறக்குமளவும் உழைத்தது இம்மக்களிடையேதான். அவ்வுழைப்பின் வழியே எழுந்த பத்தாக்குச் சபை இன்று அந்நாட்டின் பெரிய சபைகளுள் ஒன்று. பத்தாக்கர் முதற் சந்திப்பிலேயே ஒருவர் ஒருவரின் குலப்பெயரைக் கேட்டு, முறை இன்னதென்று கண்டு, அதன் பின்னரே விலை பேசத் தொடங்குவர். முறை கேட்பது நம் நாட்டிலும் உள்ளதே.

மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவு மக்களோ வாணிகத்திற் பேர்பெற்றவர். அவர்தம் மாட்டுச் சந்தைகளில் ‘மரோசோக்’ என்றொரு முறை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் கைகுலுக்கி, அக்கைகளின்மேல் ஒரு சாரத்தையோ துண்டையோ மூடி, விரல்களைப் பற்றியும் அசைத்தும் விலை பேசுவர். சுற்றி நிற்பார்க்கு விலையும் தெரியாது. பேரம் படியாமற் போனால் யார் குறைத்துக் கேட்டார் என்பதும் தெரியாது. இருவர் முகமும் காக்கப்படும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுந் தரகரை நம் நாட்டு மாட்டுச் சந்தையிற் கண்டவர்க்கு இது விந்தையாய்த் தோன்றாது. இத்தனை கடல் கடந்து ஒரே துண்டின்கீழ் இரு நாட்டார் விரல்களும் ஒரே கணக்கைப் பேசுவது எப்படி வந்ததோ, ஆராய்ச்சியாளர் ஆராய்க.

இதுகாறும் யாம் அவர் கட்சியைப் பேசினோம். ஆயினும் இம்மரியாதையை அப்படியே போற்றிப் புகழ்வாருடனும் எமக்கு உடன்பாடில்லை. அதன் தீங்கை அந்நாட்டு அறிஞரே மறையாது எடுத்துரைத்திருக்கின்றனர். ‘ஆசால் பாப்பக் செனாங்’ என்றொரு தொடர் அங்கு வழங்குகிறது. ‘தலைவர் மகிழ்ந்தாற் போதும்’ என்பது அதன் பொருள். கீழுள்ளவன் நல்ல செய்தியை மட்டும் மேலே அனுப்புவான். அவன் மேலுள்ளவன் அதை இன்னும் சிறிது மெருகிட்டு அனுப்புவான். உச்சியில் இருப்பவனுக்கு நாடு முழுவதும் செழித்திருப்பதாகவே தோன்றும். பத்திரிகையாளரும் நாவலாசிரியருமான மொக்தார் லூபிஸ் என்பவர் 1977-இல் ஜகார்த்தாவில் நிகழ்த்திய பேருரையில், தம் மக்களின் குறைகளில் முதலாவதாக வைத்தது உள்ளொன்றும் புறமொன்றுமாக நடக்கும் இயல்பையே. அவ்வுரை பெரும் வாதத்தை எழுப்பிற்று. எழுதியதற்காகச் சிறையிருந்தவர் சொன்னதாகையால், அயலார் கூறும் பழிபோல் அதனைத் தள்ளிவிடுதல் ஒருவர்க்கும் இயலவில்லை.

ஆகவே எம் கருத்து இது. மென்மையாய் மறுப்பது பொய்யன்று. மறுப்பைக் கேட்க வேண்டியவனுக்கு எட்டாதபடி மறைப்பதே குற்றம். அக்குற்றத்திற் பாதிப் பங்கு, கேட்கத் தெரியாத தலைவனுக்கும் உண்டு. அதட்டும் தலைவனிடம் எந்த நாட்டிலும் எவனும் மெய் சொல்லான். ஜாவாவில் அவன் புன்னகையோடு சொல்லாதிருப்பான், அவ்வளவே வேறுபாடு.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. ‘வெள்ளிக்குள் ஆகுமா?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடைக்கு நாம் இடம் வைக்கவில்லை. ‘இதில் எது கடினம்? என்ன குறைகிறது?’ என்று கேட்டிருந்தால், பெட்டி போதாது என்பது திங்களன்றே தெரிந்திருக்கும். அதையும் பலர் நடுவிற் கேளாமல், தனியே, உணவுக்குப் பின் கேட்க வேண்டும். கடுஞ்செய்தியானால், இரு திறத்தார்க்கும் வேண்டிய மூன்றாமவர் ஒருவர் வாயிலாக வருவதையும் இழிவென்று கருதலாகாது. கைப்பேசியில் ஒருவரியாய் வரும் ‘ஆம், பாக்’ என்பதைக் கொண்டு ஒப்பந்தம் முடிந்ததாக நினைப்பவனுக்கு யாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

நண்பர் செய்தி என்னாயிற்றெனக் கேட்பீர்கள். நோன்பு மாதம் கழிந்து லெபரான் என்னும் பெருநாள் வந்தது. அந்நாட்டில் அப்பெருநாள் அலுவலகங்களையும் ஆட்கொள்ளும். ஓராண்டு உழைத்தவர்க்கு ஒரு திங்கட் சம்பளம் பெருநாட்கொடையாகத் தரப்பட வேண்டும் என்றும், அது பெருநாளுக்கு ஏழு நாள் முன்னரே கையிற் சேர வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் அரசாணை கூறுகிறது. இதனைத் தலைவரின் தயவென்று எண்ணிக் காலந்தாழ்த்தும் அயலார் பின்னர் வருந்துவர். பெருநாட்கழிந்து மீண்டும் கூடுகையில், மேலாளர் முதற் கடைநிலை ஊழியர் ஈறாக ஒருவர் கையை ஒருவர் பற்றி, சென்ற ஆண்டிற் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்பு வேண்டுவர். எம் நண்பர் அது வரையிற் காத்திராமல், மேற்பார்வையாளரின் வீட்டுக்கே பலகாரத் தட்டோடு சென்று, அந்நாட்டுச் சொற்களாலேயே மன்னிப்புக் கேட்டார். சொற்களைத் தப்பாகவே உச்சரித்தாராம். பெரியவரின் பேரப்பிள்ளைகள் சிரித்தனராம். இரு திங்கள் சென்றபின், மற்றொரு சரக்கு குறித்து, கெடுவுக்குப் பத்து நாள் முன்பே அப்பெரியவர் அவர் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சிறிது நேரம் மழையைப் பற்றிப் பேசிய பின், பெட்டிகள் இம்முறையும் குறையும் என்றார்.

அந்த நண்பர் ஓராண்டில் இழந்ததெல்லாம் மொழி அறியாமையால் இழந்தது. ஆங்கிலம் போதும் என்று நம்மவர் எண்ணுகின்றனர். ஆங்கிலத்தில் அவர்கள் தருவது ‘எஸ்’ என்னும் ஒரே சொல். பெலும், நாந்தி, டியுசஹாகான் என்னும் வேறுபாடெல்லாம் அவ்வொரு சொல்லில் மறைந்து போகின்றன. சட்டமும் இவ்வெண்ணத்துக்குத் துணை நிற்பதில்லை. இந்தோனீசியர் ஒரு கட்சியாராக உள்ள ஒப்பந்தங்களில் அந்நாட்டு மொழி இருத்தல் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் விதித்தது. அயல்நாட்டுக் கட்சி ஒன்றுடன் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்றை, அச்சட்டத்தைக் காட்டி, 2013-இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது.

அம்மொழியோ அச்சமூட்டுவதன்று. எழுத்து உரோமன் எழுத்து; காலத்துக்கேற்ப வினை திரிவதில்லை; பாலும் எண்ணும் பற்றிய தொல்லையும் இல்லை. அன்றியும், அவர் கடைத்தெருவிற் புகுந்தவுடன் நம் சொற்களே நம்மை எதிர்கொள்ளும். கடை அங்குக் ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’, வாணிகத்திற் போடும் முதல் ‘மொடால்’, அதனால் வரும் இலாபம், வடமொழி வழியே, ‘லாபா’. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் கற்பூரத் துறைமுகத்தை அடுத்த லோபு துவாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டிலேயே அங்கு இருந்தமையைக் காட்டுகிறது. மேடான் நகரின் மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது. தெலி நாட்டுப் புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் கூலிமக்களின் வழியினர் இன்றும் அந்நகரில் வாழ்கின்றனர். அவர்களுள் எவரும் கையேடு படித்துப் போனவரல்லர்.

நம் கல்லூரியில் பிரெஞ்சும் ஜெர்மனும் மாலையிற் கற்பிக்கப் பெறுகின்றன. பிள்ளைகள் அவற்றை விரும்பிக் கற்கின்றனர். யாம் அதற்குத் தடை சொல்லவில்லை. அந்த அறையிலேயே வாரத்துக்கு இரண்டு மாலைகள் இந்தோனீசிய மொழிக்கும் ஒதுக்க வேண்டுகின்றோம். அங்கிருந்து திரும்பிய பழைய மாணவருள் இருவர் ஊதியமின்றிக் கற்பிக்க இசைந்திருக்கின்றனர். சென்ற ஆண்டே இதனை அதிகாரிகளிடம் விண்ணப்பித்தோம். ‘பார்க்கலாம்’ என்று விடை வந்தது.